இங்கிலாந்தில் வீடு வாங்கும்போது: உங்கள் கன்வேயன்சரைக் கண்காணிப்பது யார், எங்கே எப்படி முறையிடுவது

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் வீடு வாங்குகிறவர்கள், பல ஆண்டுச் சேமிப்பை நேரில் ஒருமுறைகூடப் பார்த்திராத ஒருவரின் வங்கிக் கணக்குக்கு அனுப்புகிறார்கள். ஊரில் சார்பதிவாளர் முன்னாலோ நொத்தாரிசு முன்னாலோ உட்கார்ந்து கையெழுத்துப் போட்டுப் பழகியவர்களுக்கு இது மனத்துக்கு ஒப்பாது. இங்கே விற்பவரும் வாங்குபவரும் சந்திக்கவே வேண்டியதில்லை. இரண்டு பக்கத்துச் சட்டத்தரணிகளும் தங்களுக்குள் பணத்தையும் ஆவணத்தையும் மாற்றிக்கொள்வார்கள். அவர்கள் நேர்மையாகவும் கவனமாகவும் நடக்கிறார்களா என்று பார்க்க ஒரு ஒழுங்குமுறை அமைப்பு இருக்கிறது. அது எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரியாததால் பலர் தவறான இடத்தில் முறையிட்டு, சரியான இடத்துக்குப் போவதற்குள் காலக்கெடுவைத் தவறவிட்டுவிடுகிறார்கள். முதல்முறை வீடு வாங்குகிறவர்களுக்காக, தொடக்கத்திலிருந்து வரிசையாகச் சொல்கிறோம்.

யார் யாரைக் கண்காணிக்கிறார்கள்

வீடு வாங்கி விற்கும் சட்ட வேலையைச் சொலிசிட்டரும் (பலவகைச் சட்ட வேலைகளைச் செய்யும் சட்டத்தரணி) செய்யலாம், உரிமம் பெற்ற கன்வேயன்சரும் செய்யலாம். கன்வேயன்சர் என்பவர் சொத்து மாற்றத்தில் மட்டும் பயிற்சி பெற்ற தனித்துறைச் சட்டத்தரணி. நெடுங்காலம் இந்த வேலை ஏறக்குறைய முழுவதும் சொலிசிட்டர்களின் கையிலேயே இருந்தது. 1985-ல் வந்த நீதி நிர்வாகச் சட்டம் அதை மாற்றி, கன்வேயன்சர் என்ற புதிய தொழிலையும், அதைக் கண்காணிக்க உரிமம் பெற்ற கன்வேயன்சர்கள் கவுன்சிலையும் உருவாக்கியது. சுருக்கமாக சி.எல்.சி. என்பார்கள். பின்னாளில் உயில் சான்று, இறந்தவரின் சொத்துப் பொறுப்பு வேலைகளைச் செய்பவர்களுக்கும் அதுவே உரிமம் கொடுக்கத் தொடங்கியது.

சொலிசிட்டர்களைக் கண்காணிப்பது எஸ்.ஆர்.ஏ. என்ற வேறொரு அமைப்பு. பாரிஸ்டர், காப்புரிமை வழக்கறிஞர், வழக்குச் செலவுக் கணக்கு வழக்கறிஞர், நோட்டரி என்று ஒவ்வொரு துறைக்கும் தனித்தனி அமைப்பு உண்டு. 2007-ஆம் ஆண்டின் சட்டச் சேவைகள் சட்டப்படி, இவை எல்லாவற்றுக்கும் மேலே லீகல் சர்வீசஸ் போர்டு என்ற மேற்பார்வை வாரியம் இருக்கிறது. ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் முறையே வேறு. கிளாஸ்கோவில் வீடு வாங்குகிறவருக்கு இந்தக் கட்டுரை பொருந்தாது.

சி.எல்.சி.யைப் பற்றி ஒன்று தெரிந்திருப்பது நல்லது. அது கன்வேயன்சர்களின் சங்கம் அல்ல. அவர்களுக்காகப் பேசுவது அதன் வேலை இல்லை. அதன் செலவுக்கு வரிப்பணமும் போவதில்லை. உரிமம் பெற்றவர்களும் நிறுவனங்களும் கட்டும் கட்டணத்தில்தான் நடக்கிறது. உரிம ஆண்டு நவம்பர் 1-ல் தொடங்கும். ஆண்டுதோறும் உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். நிறுவனம் ஒரு கோரிக்கைக்குக் குறைந்தது 20 லட்சம் பவுண்டு வரை ஈடுகொடுக்கும் தொழில் காப்பீடு வைத்திருக்க வேண்டும். வாடிக்கையாளர் பணத்தைத் தன் சொந்தப் பணத்தோடு கலக்காமல் தனிக் கணக்கில் வைத்து, வங்கி அறிக்கையோடு ஒப்பிட்டுச் சரிபார்த்து, கணக்காய்வாளரின் அறிக்கையையும் சமர்ப்பிக்க வேண்டும். சி.எல்.சி. அதிகாரிகள் நிறுவனத்துக்குப் போய்க் கோப்புகளைத் திறந்து பார்ப்பதும் உண்டு. வாடிக்கையாளர் கண்ணில் படாத இந்த வேலைதான் ஒழுங்குமுறையின் பெரும்பகுதி. முறையீடு என்பது அதன் சிறு மூலை மட்டுமே.

முதல் படி: ஆளை அமர்த்துவதற்கு முன் பதிவேட்டைப் பாருங்கள்

எஸ்டேட் ஏஜென்ட் ஒரு பெயரைச் சொல்வார். மார்ட்கேஜ் (வீட்டுக் கடன்) புரோக்கர் இன்னொன்றைச் சொல்வார். உறவினர் "எங்கட ஆள் ஒருவர் இருக்கிறார்" என்பார். யார் சொன்னாலும் சி.எல்.சி. தளத்தின் பொதுப் பதிவேட்டில் நிறுவனத்தின் பெயரைத் தேடுங்கள். அங்கே இல்லையென்றால் எஸ்.ஆர்.ஏ. பதிவேட்டில் தேடுங்கள். இரண்டிலும் இல்லாத ஆளிடம் வேலையைக் கொடுப்பதற்கு முன், எந்த அமைப்பு அவரை ஒழுங்குபடுத்துகிறது என்று எழுத்தில் கேளுங்கள். பதில் தெளிவாக வராவிட்டால் வேறு ஆளைப் பாருங்கள். உரிமம் இல்லாமல் கூலிக்குச் சொத்து மாற்ற ஆவணம் தயாரிப்பது குற்றம். உரிமம் பெற்ற கன்வேயன்சர் என்று பொய்யாகச் சொல்லிக்கொள்வதும் குற்றம்.

பதிவேட்டில் பெயர் இருந்தால் மட்டும் போதாது. உண்மையான நிறுவனத்தின் பெயரையும் சின்னத்தையும் எடுத்து, ஒரே ஒரு எழுத்து மாறிய மின்னஞ்சல் முகவரியோடு இயங்கும் போலிகள் உண்டு. பதிவேட்டில் உள்ள அலுவலக முகவரி, தொலைபேசி எண், இணைய முகவரி மூன்றையும் உங்களுக்கு வந்த கடிதத்தோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். கடிதத் தாளின் அடியில் ஒழுங்குமுறை அமைப்பின் பெயர் இருக்க வேண்டும். இணையதளத்தில் சி.எல்.சி.யின் பாதுகாப்புச் சின்னத்தைச் சொடுக்கினால் அது உயிரோடு இயங்கும் சரிபார்ப்புப் பக்கத்தைத் திறக்க வேண்டும். படமாக மட்டும் ஒட்டியிருந்தால் சந்தேகப்படுங்கள்.

இன்னொரு கேள்வியையும் தொடக்கத்திலேயே கேளுங்கள்: "என் கோப்பைப் பார்ப்பவர் உரிமம் பெற்றவரா? இல்லையென்றால் அவரை மேற்பார்வை செய்பவர் யார்?" பெரிய நிறுவனங்களில் தினமும் மின்னஞ்சல் அனுப்புகிறவர் உரிமம் இல்லாத உதவியாளராக இருப்பது சாதாரணம். அதில் தவறில்லை. ஆனால் மேற்பார்வையாளரின் பெயர் உங்களிடம் இருந்தால், வேலை தேங்கும்போது யாருக்கு எழுதுவது என்று தேட வேண்டியதில்லை.

இரண்டாம் படி: விலைப்பட்டியலைப் பிரித்துப் படியுங்கள்

2018 டிசம்பர் முதல், வீடு மாற்றும் சட்ட வேலைக்கான கட்டணத்தை நிறுவனங்கள் வெளிப்படையாகக் காட்ட வேண்டும் என்ற விதி இருக்கிறது. இருந்தாலும் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருக்கும் தொகையை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். சட்டக் கட்டணம், அதற்கு 20 சதவீத வாட், உள்ளூராட்சித் தேடல் (வீட்டைப் பற்றி உள்ளூராட்சியிடம் உள்ள பதிவுகளைப் பார்ப்பது), நிலப் பதிவகக் கட்டணம், வங்கி மாற்றுக் கட்டணம், ஸ்டாம்ப் டியூட்டி (முத்திரை வரி) படிவம் நிரப்பும் கட்டணம் என்று தனித்தனியாக எழுதி வாங்குங்கள். லீஸ்ஹோல்டு (நீண்ட காலக் குத்தகை உரிமையில் வாங்கும்) வீட்டுக்கு மேலதிகக் கட்டணம் வரும். பெற்றோர் தரும் அன்பளிப்புப் பணத்தைச் சரிபார்ப்பதற்கும் ஒவ்வொரு கொடையாளருக்கும் தனித்தனியாகப் பணம் கேட்பார்கள். அப்பா ஒரு கணக்கிலிருந்தும் அண்ணன் இன்னொரு கணக்கிலிருந்தும் அனுப்பினால் அது இரண்டு கொடையாளர். நம் குடும்பங்களில் செலவு ஏறுவது பெரும்பாலும் இந்த வரியில்தான்.

கன்வேயன்சரைப் பரிந்துரைத்தவருக்கு அவர் கமிஷன் கொடுத்தால், அதை உங்களுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பரிந்துரைத்தவர் சொன்ன ஆளைத்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் உங்களுக்கு இல்லை.

ஒரே நிறுவனம் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் வேலை செய்ய சி.எல்.சி. விதிகள் இடம் கொடுக்கின்றன. ஆனால் இரு பக்கத்துக்கும் வெவ்வேறு சட்டத்தரணிகள் இருக்க வேண்டும். நிலைமையை விளக்கி, உங்கள் சம்மதத்தை எழுத்தில் வாங்க வேண்டும். சம்மதம் கேட்காமல் செய்தாலோ, இரண்டு பக்கத்தையும் ஒருவரே பார்த்தாலோ அது விதிமீறல். புதிதாக வீடு வாங்குகிறவர் இந்தச் சம்மதத்தைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது. விலையிலோ நாளிலோ தகராறு வந்தால் அந்த நிறுவனம் இரண்டு பேரையும் கைவிட வேண்டியிருக்கும். நீங்கள் பாதி வழியில் புது ஆளைத் தேட வேண்டியிருக்கும்.

மூன்றாம் படி: பணம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி

கன்வேயன்சர் மேல் வரும் கோபத்தில் பெரும்பங்கு இங்கே பிறக்கிறது. "என் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்க இவர் யார்?" என்று கேட்கிறவர்கள் உண்டு. 2017-ன் பணச்சலவைத் தடுப்பு விதிகள் அந்தக் கடமையை அவர் மேல் போட்டிருக்கின்றன. அவர் அதைச் செய்கிறாரா என்று பார்ப்பதும் சி.எல்.சி.தான். கேள்வி கேட்காமல் பணத்தை வாங்கிக்கொள்ளும் கன்வேயன்சர்தான் கண்டிக்கப்படுவார், கேட்பவர் அல்ல. ஆகவே இந்தக் கேள்விகளைப் பற்றி முறையிட்டுப் பயனில்லை. தயாராக இருப்பதுதான் வழி.

சம்பளச் சேமிப்புக்கு வங்கி அறிக்கைகள் போதும். வழக்கமாக ஆறு மாதத்துக்குக் கேட்பார்கள். அந்த ஆறு மாதத்தில் திடீரென்று பெரிய தொகை ஒன்று வந்திருந்தால், அது வந்த கணக்கின் அறிக்கையையும் கேட்பார்கள். அன்பளிப்புக்கு, கொடுப்பவரின் அடையாளச் சான்று, அவருடைய வங்கி அறிக்கை, "இது கடன் அல்ல, வீட்டில் எனக்குப் பங்கு வேண்டாம்" என்ற கையெழுத்திட்ட கடிதம் ஆகியவை வேண்டும். மார்ட்கேஜ் தரும் வங்கியும் இதே கடிதத்தைக் கேட்கும். அன்பளிப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே கடனாக வைத்துக்கொள்வது வங்கியை ஏமாற்றுவதாகும். அது கன்வேயன்சருக்குத் தெரியவந்தால், அந்த வங்கிக்காகவும் வேலை செய்கிறவர் என்ற முறையில் அவர் தொடர முடியாது.

இந்தியாவிலிருந்து பெற்றோர் அனுப்பினால், தளர்த்தப்பட்ட பணம் அனுப்பும் திட்டத்தின்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம். வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கியில் கொடுத்த ஏ2 படிவத்தின் நகலை வாங்கி வையுங்கள். நிலம் விற்ற பணம் என்றால் விற்பனைப் பத்திரத்தின் நகலும், தமிழில் இருந்தால் சான்றளிக்கப்பட்ட ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும். இந்த மொழிபெயர்ப்புக்கு வாரக்கணக்கில் ஆகலாம். வீடு பார்க்கத் தொடங்கும்போதே செய்து வையுங்கள்.

சீட்டுப் பணம்தான் சிக்கலானது. இருபது பேர் சேர்ந்து மாதம் மாதம் கட்டி, முறை வந்தவர் எடுத்துக்கொள்ளும் பணம் நேர்மையான பணம்தான். ஆனால் அது ரொக்கமாகக் கைமாறி, எழுத்தில் எதுவும் இல்லாமல், ஒரே நாளில் உங்கள் கணக்கில் 15,000 பவுண்டாக விழுந்திருந்தால் கன்வேயன்சரால் அதை ஏற்க முடியாது. சீட்டுக் கட்டுவதும் எடுப்பதும் வங்கி வழியாக நடக்கட்டும். உறுப்பினர் பட்டியல், நீங்கள் கட்டிய மாதங்கள், எடுத்த நாள் ஆகியவற்றைச் சீட்டு நடத்துபவர் எழுதிக் கையெழுத்திட்டுத் தரட்டும். இவ்வளவும் கொடுத்த பிறகும் சில நிறுவனங்கள் மறுக்கும். அதனால் விலைப்பட்டியல் கேட்கும் நாளிலேயே, "சீட்டுப் பணம் இருக்கிறது, ஏற்பீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். ரொக்கத்தை அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள்.

சில சமயம் கன்வேயன்சர் திடீரென்று பேச்சைக் குறைத்துவிடுவார். ஏன் தாமதம் என்று கேட்டால் "உள் நடைமுறை" என்பார். சந்தேகம் எழுந்தால் அவர் தேசியக் குற்றத் தடுப்பு முகமைக்கு அறிக்கை அனுப்பி, அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டும். முகமைக்கு முதலில் 7 வேலைநாள் அவகாசம். அது மறுத்தால் மேலும் 31 நாள் வேலையை நிறுத்தி வைக்க வேண்டும். அறிக்கை அனுப்பியதை உங்களிடம் சொன்னால் அவரே குற்றவாளியாகலாம். காரணம் சொல்லாத எல்லாத் தாமதமும் இப்படிப்பட்டது அல்ல. ஆனால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று தெரிந்திருந்தால், பொறுமையாக எழுதிக் கேட்கலாம்.

நான்காம் படி: பணம் அனுப்பும் நாள்

ஏமாற்று அதிகம் நடப்பது டெபாசிட்டும் மீதித் தொகையும் போகும் நாட்களில்தான். யாரோ ஒருவரின் மின்னஞ்சலுக்குள் திருடன் நுழைந்து, உரையாடலை வாரக்கணக்கில் படித்துக்கொண்டிருப்பான். சரியான நாளில், சரியான கோப்பு எண்ணோடு, "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, தணிக்கை நடக்கிறது" என்று ஒரு மடல் வரும். நடையும் கையொப்பமும் அச்சு அசலாக இருக்கும். வெள்ளிக்கிழமை மதியமாக இருந்தால் வாங்குபவர் பதற்றத்தில் அனுப்பிவிடுவார்.

நிறுவனத்தின் கணக்கு விவரத்தை முதல் வாரத்திலேயே தபாலிலோ பாதுகாப்பான செயலியிலோ வாங்கி வையுங்கள். அனுப்புகிற நாளில், பதிவேட்டிலிருந்து எடுத்த தொலைபேசி எண்ணுக்கு நீங்களே அழைத்து, கணக்கு எண்ணை அவர்கள் வாயால் சொல்லக் கேட்டு ஒப்பிடுங்கள். மடலில் உள்ள எண்ணை அழைக்கக் கூடாது. அது திருடனின் எண்ணாக இருக்கலாம். அனுப்பும்போது கணக்கின் பெயரை உங்கள் வங்கி சரிபார்த்து, "பொருந்தவில்லை" என்று காட்டினால் நிறுத்துங்கள். கணக்கு மாறியது என்று மின்னஞ்சலில் வரும் எந்தச் செய்தியையும் பொய் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

தவறிப் போய்விட்டால், அந்த நிமிடமே 159 என்ற எண்ணை அழைத்தால் உங்கள் வங்கியின் மோசடிப் பிரிவுக்கு இணைப்பார்கள். அடுத்த அழைப்பு கன்வேயன்சருக்கு. 2024 அக்டோபர் 7 முதல், இப்படி ஏமாந்து அனுப்பிய பணத்தை வங்கிகள் திருப்பித் தர வேண்டும் என்ற விதி நடைமுறையில் இருக்கிறது. ஆனால் உச்சவரம்பு 85,000 பவுண்டு. வீட்டுக்கான மீதித் தொகை பெரும்பாலும் அதைத் தாண்டிவிடும். வெளிநாட்டுக்குப் போகும் பணத்துக்கு இந்த விதி பொருந்தாது.

வேறொரு வகை ஏமாற்றும் உண்டு: வீட்டுக்காரரே இல்லாத ஒருவர் வீட்டை விற்பது. 2018-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த ட்ரீம்வார் வழக்கில், உரிமையாளர் போல நடித்த ஒருவன் 11 லட்சம் பவுண்டு வீட்டை விற்றுப் பணத்தோடு மறைந்தான். விற்பவருக்காக வந்த சட்டத்தரணி தம் கட்சிக்காரரின் அடையாளத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. வாங்குபவரின் சட்டத்தரணி மேல் கவனக்குறைவு இல்லாவிட்டாலும், உண்மையான விற்பனை நடக்காமலே பணத்தைக் கொடுத்துவிட்டதால் அவரும் பொறுப்பு என்று நீதிமன்றம் சொன்னது. உரிமம் பெற்ற, காப்பீடு உள்ள ஆளை அமர்த்துவதன் அருமை இப்படிப்பட்ட நாளில்தான் தெரியும். இங்கிலாந்திலோ வேல்ஸிலோ வேறு நகரத்தில் நீங்கள் வாடகைக்கு விட்ட வீடு இருந்தால், நிலப் பதிவகத்தின் இலவச எச்சரிக்கைச் சேவையில் 10 சொத்துகள் வரை பதிந்து வைக்கலாம்.

ஐந்தாம் படி: சாவி வாங்கிய பிறகும் கோப்பை விடாதீர்கள்

சாவி கையில் வந்தவுடன் எல்லோரும் கன்வேயன்சரை மறந்துவிடுகிறார்கள். அவருக்கு இன்னும் இரண்டு வேலை பாக்கி. கம்ப்ளீஷன் (மீதித் தொகை போய், சாவி கைமாறி வாங்கல் முடியும் நாள்) நடந்த 14 நாளுக்குள் ஸ்டாம்ப் டியூட்டி படிவத்தை அனுப்பி வரியைக் கட்ட வேண்டும். வேல்ஸில் வரியின் பெயரும் வாங்கும் துறையும் வேறு. பிறகு உங்கள் பெயரைப் பதிய நிலப் பதிவகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். கம்ப்ளீஷனுக்கு முன் அவர் எடுத்த முன்னுரிமைத் தேடல் உங்களுக்கு 30 வேலைநாள் பாதுகாப்பைத் தருகிறது. அந்த நாட்களுக்குள் விண்ணப்பம் போய்ச் சேரவில்லையென்றால், இடையில் விற்பவரின் கடன்காரர் யாராவது அந்த வீட்டின் மேல் பதிவு போட்டால் அது உங்களுக்கு முன்னால் வந்துவிடும்.

ஆகவே கம்ப்ளீஷன் முடிந்து மூன்று வாரத்தில் ஒரு மடல் போடுங்கள்: வரி ரசீது எங்கே, பதிவு விண்ணப்பம் அனுப்பிய நாள் எது, எண் என்ன? பதிவகம் வேலையை முடிக்க மாதக்கணக்கில் எடுப்பது கன்வேயன்சரின் தவறல்ல. விண்ணப்பமே அனுப்பாமல் இருப்பது, அல்லது பதிவகம் எழுப்பிய கேள்விக்குப் பதில் போடாமல் விண்ணப்பம் ரத்தாக விடுவது அவர் தவறு. முடிந்துவிட்டது என்று அவர் சொன்னால், 7 பவுண்டு கட்டிப் பதிவேட்டின் நகலை நீங்களே எடுத்து, பெயரின் எழுத்துக்கூட்டலைப் பாருங்கள். தந்தை பெயர் முன்னால் வரும் நம் பெயர்களில் குழப்பம் அடிக்கடி நேரும். பின்னாளில் விற்கும்போது அதைத் திருத்தச் சத்தியக் கடதாசி, கடவுச்சீட்டு என்று அலைய வேண்டியிருக்கும்.

ஆறாம் படி: சேவை சரியில்லையென்றால்

தாமதம், பதில் இல்லாமை, சொல்லாத கட்டணம், தவறிய தகவல் போன்றவை சேவைக் குறை. இவற்றை நேராக சி.எல்.சி.க்கு எழுதினால், முதலில் நிறுவனத்திடம் போங்கள் என்றுதான் பதில் வரும். ஒழுங்கு இதுதான்: முதலில் நிறுவனம், பிறகு சட்டச் சேவை பற்றிய முறையீடுகளைத் தீர்க்கும் லீகல் ஓம்பட்ஸ்மன் என்ற அமைப்பு.

நிறுவனம் வேலையைத் தொடங்கும்போது தந்த நிபந்தனைக் கடிதத்தில் முறையீட்டைப் பார்க்கும் ஆளின் பெயர் இருக்கும். அவருக்கு எழுதுங்கள். தலைப்பில் "முறையீடு" என்ற சொல் தெளிவாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அதைச் சாதாரண விசாரிப்பாக எடுத்துக்கொண்டு நாள் கடத்துவார்கள். உள்ளே கோபம் வேண்டாம், தேதி போதும். ஒரு மாதிரி:

"கோப்பு எண் இது. மார்ச் 3 அன்று விற்பவரின் பதில்கள் உங்களுக்கு வந்தன. மார்ச் 10, 17, 24 தேதிகளில் நான் கேட்டேன், பதில் இல்லை. ஏப்ரல் 2 அன்றுதான் அவற்றை எனக்கு அனுப்பினீர்கள். இதற்கிடையில் என் மார்ட்கேஜ் சலுகை காலாவதியாகி, புதிய சலுகையில் மாதத் தவணை 85 பவுண்டு கூடியது. இரண்டு சலுகைக் கடிதங்களையும் இணைத்துள்ளேன். நான் கேட்பது: தாமதத்துக்கான விளக்கம், கூடுதல் செலவுக்கு ஈடு, கட்டணத்தில் குறைப்பு."

நடந்தது, அதனால் வந்த இழப்பு, நீங்கள் கேட்பது. இந்த மூன்றும் இல்லாத முறையீடு ஓம்பட்ஸ்மனிடம் போகும்போது பலமிழந்துவிடும். ஆங்கிலத்தில் எழுதத் தயங்குகிறவர்கள் பிள்ளைகளிடமோ நண்பரிடமோ எழுதி வாங்கலாம். ஓம்பட்ஸ்மன் தரப்பில் மொழி உதவியும் கேட்கலாம்.

நிறுவனத்துக்கு எட்டு வாரம் அவகாசம். அதற்குள் இறுதிப் பதில் வந்து உங்களுக்குத் திருப்தியில்லை என்றாலோ, எட்டு வாரம் கழிந்தும் பதில் இல்லை என்றாலோ ஓம்பட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் இல்லை. இங்கே இரண்டு கடிகாரம் ஓடுகிறது: இறுதிப் பதில் வந்த ஆறு மாதத்துக்குள் போக வேண்டும், தவறு நடந்த, அல்லது அது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள்ளும் போக வேண்டும். முன்பு இந்த இரண்டாவது கெடு நீளமாக இருந்தது. 2023 ஏப்ரல் முதல் சுருங்கிவிட்டது. பழைய தகவலை நம்பிக் காத்திருப்பவர்கள் இதில்தான் சிக்குகிறார்கள். நிறுவனத்தோடு மடல் மடலாகப் பேசிக்கொண்டே ஓராண்டைக் கடத்திவிடாதீர்கள்.

ஓம்பட்ஸ்மன் மன்னிப்புக் கேட்கச் சொல்லலாம், கட்டணத்தைக் குறைக்கலாம், வேலையைச் சரிசெய்யச் சொல்லலாம், 50,000 பவுண்டு வரை ஈடும் கொடுக்கச் சொல்லலாம். முடிவை நீங்கள் ஏற்றால் அது நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். அதே விஷயத்துக்காகப் பிறகு நீதிமன்றம் போக முடியாது. இழப்பு 50,000-ஐ விடப் பெரிதாக இருந்தால், ஏற்பதற்கு முன் தொழில் கவனக்குறைவு வழக்குகளைப் பார்க்கும் சொலிசிட்டரிடம் ஒரு சொல் கேட்டுவிடுங்கள். உரிமம் பெற்ற கன்வேயன்சர் வழக்காடும் உரிமை இல்லாதவர் என்பதால், இந்த வேலைக்கு வேறு ஆள்தான் வேண்டும்.

எதிர்ப்பக்கத்துச் சட்டத்தரணியின் சேவை சரியில்லை என்று ஓம்பட்ஸ்மனிடம் பொதுவாக முறையிட முடியாது. அவர் உங்களுக்காக வேலை செய்தவர் அல்ல.

ஏழாம் படி: நடத்தையில் குற்றமிருந்தால் சி.எல்.சி.

பொய் சொன்னார், வாடிக்கையாளர் பணத்தைத் தொட்டார், கொடுத்த எழுத்து உறுதிமொழியை மீறினார், இரண்டு பக்கத்துக்கும் வேலை செய்வதை மறைத்தார், காப்பீடு இல்லாமல் நடத்துகிறார், உங்கள் கையெழுத்தைத் தானே போட்டார். இப்படிப்பட்டவை ஒழுங்குமீறல். இவற்றை சி.எல்.சி.க்கு எழுதலாம்; எதிர்ப்பக்கத்துக் கன்வேயன்சரைப் பற்றியும் எழுதலாம். பணம் சம்பந்தப்பட்டது என்றால் நிறுவனத்தின் பதிலுக்கு எட்டு வாரம் காத்திருக்க வேண்டியதில்லை.

எழுதும்போது சந்தேகத்தையும் சான்றையும் பிரித்து வையுங்கள். "பணத்தைத் தின்றுவிட்டார்" என்று எழுதுவதை விட, "விற்ற பணத்தில் மீதி 42,000 பவுண்டு இந்தத் தேதியில் எனக்கு வர வேண்டியது; மூன்று முறை கேட்டும் வரவில்லை; கணக்கு அறிக்கையும் தரவில்லை" என்று எழுதினால் அதிகாரி அந்த நாளே கணக்குப் புத்தகத்தைக் கேட்க முடியும். நிபந்தனைக் கடிதம், கம்ப்ளீஷன் கணக்கு, மடல்களின் நகல் ஆகியவற்றைத் தேதி வரிசையில் ஒரே கோப்பாக இணையுங்கள். வாட்ஸ்ஆப் உரையாடல் இருந்தால் வெட்டாமல் முழுவதும் கொடுங்கள்.

சி.எல்.சி. விசாரித்து, ஆதாரம் போதுமென்றால் சுயேச்சையான தீர்ப்புக் குழுவிடம் அனுப்பும். அந்தக் குழு கண்டிக்கலாம், அபராதம் போடலாம், உரிமத்தில் நிபந்தனை சேர்க்கலாம், உரிமத்தையே பறிக்கலாம். கன்வேயன்சருக்கு மேல்முறையீட்டு உரிமை உண்டு. மாதங்கள் ஆகும். விசாரணையின் ஒவ்வொரு நகர்வையும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். அபராதப் பணமும் உங்களுக்கு வராது. பலருக்கு ஏமாற்றம் இங்கேதான். சி.எல்.சி.யிடம் போவது அடுத்தவருக்கு இது நேராமல் இருக்க. உங்கள் இழப்புக்கு ஓம்பட்ஸ்மன், காப்பீடு, நீதிமன்றம். ஒரே நிகழ்வுக்கு இரண்டு பக்கமும் எழுதலாம். ஒன்றின் முடிவுக்காக மற்றொன்றின் கெடுவை விட்டுவிடாதீர்கள்.

வீடு வாங்கும் வேலை பாதியில் நிற்கும்போது "நாளைக்கே முடிக்கச் சொல்லுங்கள்" என்று சி.எல்.சி.யைக் கேட்பதும் பயன் தராது. சட்ட ஆலோசனை கொடுப்பதோ கோப்பை எடுத்து நடத்துவதோ அதன் வேலை அல்ல. ஒரு விலக்கு உண்டு.

நிறுவனமே மூடப்பட்டால்

வாடிக்கையாளர் பணத்துக்கு ஆபத்து என்று தெரிந்தால் சி.எல்.சி. நிறுவனத்துக்குள் தலையிட்டு, கோப்புகளையும் வாடிக்கையாளர் கணக்கையும் தன் பொறுப்பில் எடுத்து, அதற்கென ஒரு முகவரை நியமிக்கும். அலுவலகத் தொலைபேசி எடுபடாமல் போகும், இணையதளம் நின்றுவிடும். முதலில் சி.எல்.சி. தளத்தில் அறிவிப்பைப் பார்த்து முகவரின் பெயரை எடுங்கள். புதுச் சட்டத்தரணி ஒருவரை அமர்த்தி, உங்கள் கோப்பை அவருக்கு மாற்ற எழுத்தில் அனுமதி கொடுங்கள். எக்ஸ்சேஞ்ச் (இரு பக்கத்தையும் கட்டுப்படுத்தும் ஒப்பந்தப் பரிமாற்றம்) முடிந்து கம்ப்ளீஷன் நாள் குறித்தாகிவிட்டது என்றால் அதை முகவரிடம் முதல் வரியிலேயே சொல்லுங்கள்; அவசரக் கோப்புகளைத்தான் முன்னால் எடுப்பார்கள். கம்ப்ளீஷன் தவறினால் வட்டியும், கடைசியில் டெபாசிட் இழப்பும் வரலாம் என்பதால் மார்ட்கேஜ் வங்கிக்கும் விற்பவர் தரப்புக்கும் அதே நாள் தெரிவியுங்கள்.

கணக்கில் பணம் குறைந்திருந்தால் சி.எல்.சி.யின் இழப்பீட்டு நிதிக்கு விண்ணப்பிக்கலாம். எல்லா நிறுவனங்களும் பணம் போட்டு வைத்திருக்கும் நிதி அது. நேர்மையின்மையாலோ, வாங்கிய பணத்துக்குக் கணக்குக் கொடுக்காததாலோ வந்த இழப்புக்குத்தான் அது. கவனக்குறைவுக்குக் காப்பீடு இருக்கிறது. நிதியிலிருந்து பெறுவது உரிமை அல்ல, குழுவின் முடிவு. வேறு வழியில் மீட்க முடியுமா என்று முதலில் பார்ப்பார்கள். நீங்கள் அனுப்பிய ஒவ்வொரு தொகைக்கும் வங்கி அறிக்கை இருந்தால் வேலை எளிது. ரொக்கமாகக் கொடுத்ததை நிரூபிப்பது மிகவும் கடினம்.

நிறுவனம் ஒழுங்காகத் தொழிலை நிறுத்தினாலும், அதன் காப்பீடு பின்னும் ஆறு ஆண்டுகள் தொடர வேண்டும் என்பது விதி. வீட்டை விற்கப் போகும்போதுதான் பழைய தவறு வெளியே வரும் என்பதால், நிபந்தனைக் கடிதம், கம்ப்ளீஷன் கணக்கு, பதிவேட்டு நகல் மூன்றையும் வீடு உங்களிடம் இருக்கும்வரை பத்திரமாக வைத்திருங்கள். நிறுவனத்தின் பெயர் மாறியிருந்தாலோ இன்னொன்றோடு இணைந்திருந்தாலோ, அந்தக் கடிதத்தில் உள்ள உரிம எண்ணைச் சொல்லி சி.எல்.சி.யிடம் கேட்டால், இப்போது யாரிடம் கேட்க வேண்டும் என்று தேட வழி கிடைக்கும்.